எல்லாப் படத்திலும் விழுகிறார்கள், சிலதற்கு மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது? (மௌனக் குறும்படங்கள்)

மேலவீதி

கீஸ்டோன் என்ற அமெரிக்க நகைச்சுவைப் படக் கம்பெனி 1913, 1914இல் எடுத்த சின்னப் படங்கள் சிலவற்றையும், அடுத்து பஸ்டர் கீட்டனின் 'ஒன் வீக்' (1920) படத்தையும் ஒரே மூச்சில் பார்த்தேன். இரண்டிலும் ஆட்கள் விழுகிறார்கள், உதை வாங்குகிறார்கள், தலைதெறிக்க ஓடுகிறார்கள். கீஸ்டோன் படங்கள் கொஞ்ச நேரத்திலேயே அலுப்பு தட்டிவிட்டன. 'ஒன் வீக்' வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தது.

பார்க்காதவர்களுக்காக: புதுமணத் தம்பதிக்குக் கல்யாணப் பரிசாக ஒரு மனையும், பெட்டி பெட்டியாக ஒரு வீடும் வருகின்றன. பெட்டிகளின் எண் வரிசைப்படி மாட்டினால் வீடு தயார். அந்தப் பெண்ணைக் கட்ட நினைத்து ஏமாந்தவன் எண்களைத் திருத்திவிட்டுப் போகிறான். கீட்டனும் சிபில் சீலியும் கட்டி முடிக்கும் வீட்டில் எல்லாமே கோணல். மாடியில் ஒரு கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் வெறும் ஆகாயம். அப்புறம் கிரகப்பிரவேசத்தன்று புயல் வந்து வீடே ராட்டினம் போலச் சுற்றுகிறது.

இரண்டு படங்களிலும் விழுகிற விதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிறகு எதில்தான் வித்தியாசம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரீல்பெட்டி

மேலவீதி சார், பதில் அந்தப் படத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், முடிவைச் சொல்லப்போகிறேன்.

வீட்டைத் தவறான மனையில் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. அவர்களுடைய மனை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். வீட்டையே இழுத்துக்கொண்டு போகும்போது சரியாகத் தண்டவாளத்தின் மேலே மாட்டிக்கொள்கிறது. தூரத்தில் ரயில். இருவரும் தள்ளிப் பார்க்கிறார்கள், அசையவில்லை. ஒதுங்கி நின்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரயில் வருகிறது, பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அங்கே இரண்டு தண்டவாளங்கள் இருப்பதை நாம் அதுவரை கவனித்திருக்கவே மாட்டோம். அவர்களும் மூச்சுவிடுகிறார்கள், நாமும் மூச்சுவிடுகிறோம். அடுத்த நொடி எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூள் தூளாக்குகிறது.

வீடு உடைவதை மட்டும் காட்டியிருந்தால் "அடேயப்பா" என்றிருப்போம், அவ்வளவுதான். வீடு தப்பியது என்று நாம் மனதார நம்பிய பிறகு உடைவதால்தான் சிரிப்பு வெடிக்கிறது. கீட்டன் கணக்குப் போட்டது பார்ப்பவனுக்கு எந்த நொடியில் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை. ஆள் எப்படி விழுகிறான் என்பது அதற்குப் பிறகுதான். நீங்கள் பார்த்த கீஸ்டோன் படங்களில் பெரும்பாலும் அந்தக் கணக்கு கிடையாது. ஒருவன் வருவான், உதைப்பான், இன்னொருவன் விழுவான். நாம் எதையும் எதிர்பார்க்கவும் இல்லை, ஏமாறவும் இல்லை.

நிலவன்77

பெட்டி எண்ணை மாற்றியதும் அதே கணக்குதானே? நமக்குத் தெரியும், கீட்டனுக்குத் தெரியாது. அவர் எவ்வளவு சிரத்தையாக ஆணி அடிக்கிறாரோ அவ்வளவு சிரிப்பு வருகிறது.

ரீல்பெட்டி

ஆமாம். படம் முழுக்க நம்மை அவருக்கு ஒரு படி மேலே வைத்திருக்கிறார். கடைசியில் மட்டும் நம்மையும் கீழே இறக்கி அவர்களோடு நிற்க வைத்துவிடுகிறார்.

எடிட்டர்_குமரன்

எடிட்டிங் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். அந்த ரயில் மோதலை எங்கே கேமரா வைத்து எடுத்திருக்கிறார் என்று பாருங்கள். வீடு, தண்டவாளம், தம்பதி மூன்றும் ஒரே சட்டகத்தில் இருக்கின்றன. ரயில் முகத்துக்கு ஒரு ஷாட், அலறும் முகத்துக்கு ஒரு ஷாட் என்று துண்டு போடவே இல்லை. நிஜ வீடு, நிஜ ரயில். சுற்றும் வீட்டையும் சுழலும் மேடை ஒன்றின் மேல்தான் கட்டியிருந்தார்கள்.

விழும் காட்சியை வெட்டினால் அது பொய்யாகிவிடும் என்பதில் கீட்டன் பிடிவாதமாக இருந்தார். தலை முதல் கால் வரை தெரிய வேண்டும், சுற்றிலும் இடம் தெரிய வேண்டும், ஆரம்பித்த ஷாட்டிலேயே முடிய வேண்டும். இன்றைக்கு நகைச்சுவைக் காட்சிகளில் ஒருவர் வழுக்கினால் கால் க்ளோஸ்அப், முகம் க்ளோஸ்அப், தரையில் விழும் சத்தம் என மூன்று துண்டு. தொழிலாக நான் செய்வதும் இதைத்தான், கேட்பதும் இதைத்தான். ஆனால் மூன்று துண்டில் விழுபவன் உண்மையில் விழவில்லை என்று நம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒரு யோசனையை அவர் எத்தனை வருடம் கையில் வைத்து வளர்த்தார் என்பதற்குச் சுவர் விழும் காட்சி நல்ல உதாரணம். 1919இல் நகைச்சுவை நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிளோடு நடித்த 'பேக் ஸ்டேஜ்' படத்தில் ஒரு மேடைத் தட்டி ஆர்பக்கிள் மேல் சாய்கிறது. அதிலுள்ள சன்னல் வழியாக அவர் தப்பிக்கிறார். 1920இல் 'ஒன் வீக்'கில் வீட்டின் சுவரே அப்படிச் சாய்கிறது. 1928இல் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' என்ற முழுநீளப் படத்தில் ஒரு கட்டடத்தின் முகப்பு மொத்தமும் அவர் மேல் விழுகிறது, டன் கணக்கில் எடை. மாடிச் சன்னலின் திறப்புக்குள் அவர் நிற்கிறார், இரு பக்கமும் சில அங்குல இடைவெளிதான். தட்டி சாய்ந்தபோது சிரித்த நாம் முகப்பு விழும்போது உறைந்து போகிறோம், பிறகுதான் சிரிக்கிறோம்.

தாமரைச்செல்வி_ப

குமரன் அண்ணா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் கேமராவும் கணக்கும்தான் என்று பேசிக்கொண்டு போனால் உடம்பை மறந்துவிடுவோம். நான் சில வருடங்களாக நாடகத்தில் உடல் அசைவுப் பயிற்சி எடுத்துவருகிறேன். விழக் கற்றுக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அங்கேதான் புரிந்தது. விழப்போகிறோம் என்று தெரிந்ததும் உடம்பு தானாக இறுகும். இறுகினால் அடி பலமாகப் படும், அதோடு பார்ப்பவருக்கும் "இவர் தயாராகிவிட்டார்" என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கீட்டன் இதை நடக்கப் பழகிய வயதிலிருந்தே கற்றவர். அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் 'த்ரீ கீட்டன்ஸ்' என்ற பெயரில் வாட்வில் எனப்படும் பல்சுவை நிகழ்ச்சி மேடைகளில் ஆடியவர்கள். அடங்காத பிள்ளையை அப்பா கண்டிப்பதுதான் நிகழ்ச்சி. தூக்கி எறிய வசதியாக அவர் சட்டையில் பெட்டியின் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள். குழந்தையைக் கொடுமைப்படுத்துவதாக அதிகாரிகள் வந்து விசாரித்ததும் உண்டு. மேடையில் தான் சிரித்தால் கூட்டம் குறைவாகச் சிரிக்கிறது என்று அந்த வயதிலேயே கண்டுகொண்டார். அந்தச் சிரிக்காத முகம் அங்கிருந்து வந்தது.

வலி இல்லாமல் எதுவும் நடக்கவில்லை. 'எலக்ட்ரிக் ஹவுஸ்' எடுக்கும்போது தானியங்கிப் படிக்கட்டில் கால் மாட்டிக் கணுக்கால் எலும்பு உடைந்தது. படத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, பிறகு 1922இல் புதிதாக எடுத்தார். இடையில் துள்ளிக் குதிக்க முடியாத நிலையில் செய்த படம்தான் 'தி பிளேஹவுஸ்' (1921). வாத்தியக்காரர்கள், நடிகர்கள், பார்வையாளர்கள் எல்லோரும் கீட்டனே. லென்ஸை மறைத்து மறைத்து, அதே பிலிமைத் திரும்பத் திரும்ப ஓட்டி எடுத்தது. ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லி ஒவ்வொரு முறையும் கேமராவைக் கையால் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். அந்தக் கையையும் சேர்த்து நாம் பாராட்ட வேண்டும்.

நிலவன்77

இழை முழுவதும் கீட்டன் பக்கமே சாய்கிறது. சாப்ளின் 1916-17இல் மியூச்சுவல் கம்பெனிக்கு எடுத்த 12 படங்களை விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது. அதில் 'தி பான்ஷாப்' பாருங்கள். அடகுக் கடை. ஒருவர் அலாரம் கடிகாரத்தைக் கொண்டுவருகிறார். சாப்ளின் அதைத் தட்டிப் பார்க்கிறார், ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கிறார். பிறகு டப்பா திறக்கும் கருவியால் மூடியை அறுக்கிறார், உள்ளே மோந்து பார்த்து முகம் சுளிக்கிறார். சுருள்வில்லை உருவி ரிப்பன் போல அளக்கிறார். மேசையில் துடிக்கும் உதிரிபாகங்களுக்கு எண்ணெய் விட்டு அடக்குகிறார். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி அள்ளி அந்த ஆளின் தொப்பியிலேயே கொட்டி, "வேண்டாம்" என்று தலையாட்டித் திருப்பிக் கொடுக்கிறார்.

இதில் யாரும் விழவில்லை. நான் சொல்லி ரீல்பெட்டி ஒப்புக்கொண்ட "நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது" என்ற கணக்கும் பொருந்தவில்லை. எனக்கு மௌனப் படங்களிலேயே மிகப் பிடித்த சில நிமிடங்கள் இவைதான்.

ரீல்பெட்டி

நிலவன், அங்கேயும் கணக்கு இருக்கிறது, வேறு ஆளிடம் இருக்கிறது. கடிகாரத்தைக் கொண்டுவந்த ஆல்பர்ட் ஆஸ்டினின் முகத்தைப் பாருங்கள். தன் சொத்து கண் முன்னால் நாசமாவது தெரிகிறது. ஆனால் எதிரே இருப்பவர் இவ்வளவு தெரிந்தவராக, டாக்டர் மாதிரி நடந்துகொள்கிறாரே, சரியாகத்தான் செய்கிறார் போலிருக்கிறது என்று நின்றுவிடுகிறார். அவர் கத்தியிருந்தால் காட்சி அங்கேயே செத்திருக்கும். அவர் பொறுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நொடியும் நமக்குத் தாங்கவில்லை.

ஆனால் உங்கள் கருத்தில் ஒரு பாதி முழு உண்மை. சாப்ளினுக்குப் பொருள் என்பது வேறொன்றாக மாறக் காத்திருக்கும் ஒன்று. கீட்டனிடம் வீடு வீடாகவே இருக்கும், அதன் எடையோடும் பிடிவாதத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கத் தேவையில்லை.

மருதம்

பள்ளி ஆசிரியை நான். மழைநாளில் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி படங்களைப் போட்டுக் காட்டுவேன். அவர்கள் சிரிக்கும் இடத்தைக் கவனித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. யார் விழுகிறார் என்பதுதான் முதல் கேள்வி. போலீஸ்காரர், முதலாளி, பெரிய மீசைக்காரர் விழுந்தால் வகுப்பே அதிர்கிறது. வயதான ஏழை விழுந்தால் "ஐயோ" என்கிறார்கள்.

இதைச் சாப்ளினே 1918இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் விளக்கியிருக்கிறார். 'தி அட்வென்ச்சரர்' படத்தில் மேல்தளத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடும்போது அது நழுவி முதலில் அவருடைய கால்சட்டைக்குள் போகிறது. அவர் நெளிந்து வெளியே தள்ள, அது கீழே உட்கார்ந்திருக்கும் சீமாட்டியின் முதுகில் விழுகிறது. ஒரே ஐஸ்கிரீமில் இரண்டு சிரிப்பு. கீழே இருப்பவர் பணக்காரப் பெண்ணாக இருக்க வேண்டும், ஒரு வேலைக்காரப் பெண் மேல் விழுந்தால் ஜனங்களுக்குப் பரிதாபம்தான் வரும் என்று சொல்கிறார். இன்னொன்றும் சொல்கிறார்: முதுகில் ஐஸ் பட்டால் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் பார்ப்பவனும் கூடவே சிலிர்க்கிறான்.

மேலவீதி

மருதம் அம்மா, அது மிக முக்கியமான விஷயம். நான் பார்த்த கீஸ்டோன் படங்களில் யார் யாரென்றே தெரியவில்லை. எல்லோரும் எல்லோரையும் உதைக்கிறார்கள். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் சிரிக்க முடியவில்லை.

கடைசிபெஞ்ச்

லாரல்–ஹார்டியை யாரும் சொல்லவில்லையே!

ரீல்பெட்டி

சொல்லத்தான் வந்தேன். 1920களின் கடைசியில் ஹால் ரோச் ஸ்டூடியோவில் அவர்கள் செய்த பெரிய காரியம் வேகத்தைக் குறைத்தது. அதுவரை எல்லோரும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

'பிக் பிசினஸ்' (1929). கலிபோர்னியா வெயிலில் இருவரும் கிறிஸ்துமஸ் மரம் விற்கிறார்கள். வீட்டுக்காரராக வரும் ஜேம்ஸ் ஃபின்லேசன் வேண்டாம் என்கிறார். கதவை மூடும்போது மரக்கிளை மாட்டுகிறது, திரும்ப மணி அடிக்கிறார்கள், திரும்ப மாட்டுகிறது. அவர் மரத்தை வெட்டிப் போடுகிறார். இவர்கள் அவர் வீட்டுக் கதவில் கை வைக்கிறார்கள். அவர் இவர்கள் காரில் கை வைக்கிறார். கடைசியில் ஒரு பக்கம் வீடு நாசம், மறு பக்கம் கார் நாசம்.

ஒருவர் நாசம் செய்யும்போது மற்றவர் தடுப்பதே இல்லை. நின்று முழுவதையும் பார்க்கிறார். முடிந்ததும் யோசித்து, தன் முறை வந்ததும் போகிறார். தெருவில் ஒரு போலீஸ்காரர் காரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொள்கிறார். சண்டையில் இவ்வளவு ஒழுங்கு! கோபத்தில் கத்திக்கொண்டு பாய்ந்தால் சாதாரணச் சண்டையாகிவிடும். அடுத்தது எங்கே விழும் என்று நாம் ஊகித்து முடிப்பதற்குத் தேவையான நேரத்தை அந்த நிதானம் கொடுக்கிறது.

தாமரைச்செல்வி_ப

'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' (1927) படத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 'பை' என்ற க்ரீம் பலகாரத்தை முகத்தில் அடிப்பது அப்போதே பழசாகிப்போன விஷயம். இவர்கள் ஒரு தெருவே சேர்ந்து அடித்துக்கொள்ளும்படி செய்தார்கள். 3,000 பை வாங்கியதாக ஸ்டான் லாரல் சொன்னதுண்டு. அந்த இரண்டாம் ரீல் முழுமையாகக் கிடைக்காமல், 1957இல் வந்த ஒரு தொகுப்புப் படத்தில் சேர்த்திருந்த துண்டுகள் மட்டும்தான் பல பத்தாண்டுகளாகச் சுற்றிவந்தன. 2015இல்தான் ரீல் ஒரு சேகரிப்பில் கண்டெடுக்கப்பட்டது.

அதில் எனக்குப் பிடித்தது அனிதா கார்வின் வரும் இடம். நாகரிகமாக உடுத்திய பெண் தெருமுனையைத் திரும்பி வருகிறார், தரையில் கிடக்கும் பை மேல் வழுக்கி உட்கார்ந்துவிடுகிறார். எழுகிறார். என்னவோ ஆகியிருக்கிறது என்று தெரிகிறது, ஆனால் தெருவில் வைத்துப் பாவாடையைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஒரு காலை மெல்ல உதறிவிட்டு, கௌரவம் குறையாமல் நடந்து போய்விடுகிறார். அத்தனை ஆயிரம் பை பறக்கிற படத்தில் ஒரே ஒரு பையை வைத்து இவர் எல்லோரையும் விஞ்சிவிட்டார். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் முயற்சிதான் அங்கே சிரிப்பு.

கடைசிபெஞ்ச்

இதற்காகவே இன்று இரவு பார்க்கிறேன்.

வெண்மணி_ஆர்

கீஸ்டோனை எல்லோரும் மட்டம் தட்டுவது நியாயமில்லை. 1912இல் மேக் சென்னட் தொடங்கிய கம்பெனி. வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் படம் வெளியே போயாக வேண்டும். ஊரில் கார் பந்தயம் நடந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே ஒரு படம் எடுத்துவிடுவார்கள். சாப்ளினின் நாடோடி வேடத்தை ஜனங்கள் முதலில் பார்த்தது அப்படி எடுத்த 'கிட் ஆட்டோ ரேசஸ் அட் வெனிஸ்' (1914) படத்தில்தான். ஓடும் பந்தயத்தைப் படம்பிடிக்கும் கேமராவுக்குக் குறுக்கே வந்து வந்து நிற்கிறார், விரட்ட விரட்டத் திரும்பி வருகிறார். அவ்வளவுதான் கதை. பின்னால் நிற்பது நிஜக் கூட்டம், அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. இது எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

அந்த வேடத்தை அவர் முதலில் போட்டது 'மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிகமெண்ட்' படத்துக்காக, அது இரண்டு நாள் கழித்து வெளியானது. இயக்கியவர் மேபல் நார்மண்ட். 1914இல் ஒரு இளம்பெண் நடித்துக்கொண்டே இயக்குநராகவும் இருந்தார், சாப்ளினையும் இயக்கினார். மௌன நகைச்சுவையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மூன்று ஆண்களின் பெயரோடு நிறுத்திவிடுகிறோம். அவரை விட்டுவிட்டுச் சரித்திரம் எழுதக் கூடாது.

சாப்ளினுக்கும் சென்னட்டுக்கும் இருந்த மோதலும் மேலவீதி கேட்ட கேள்விதான். சாப்ளின் நிதானம் கேட்டார், கம்பெனி துரத்தல் கேட்டது. ஒரே வருடத்தில் 35க்கு மேற்பட்ட படங்களில் நடித்துவிட்டு வெளியேறினார்.

ரீல்பெட்டி

வெண்மணி சொன்னது சரி. மியூச்சுவலில்தான் அவருக்கு அந்த நேரம் கிடைத்தது. கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் 1983இல் செய்த 'அன்னோன் சாப்ளின்' ஆவணத் தொடரில் அந்தக் காலத்துக் கழித்த காட்சிகளைப் பார்க்கலாம். காகிதத்தில் எழுதி வைத்து எடுக்கவில்லை, பிலிமிலேயே யோசித்திருக்கிறார். ஒரே காட்சியை எடுக்கிறார், பார்க்கிறார், மாற்றி எடுக்கிறார். 'பிஹைண்ட் தி ஸ்கிரீன்' படத்துக்காக எடுத்த ஒரு துண்டில் கோடரி அவர் காலடியில் விழுகிறது. அதைத் தலைகீழாக எடுத்திருக்கிறார்கள்: கோடரி மேலே போக, சாப்ளின் பின்னோக்கி நடக்கிறார். முன்னோக்கி ஓட்டினால் மயிரிழையில் தப்பியது போலத் தெரியும். பின்னோக்கி நடக்கும்போதும் அந்த நாடோடியின் நடை மாறவில்லை. அதைப் பார்த்து நான் அசந்துபோனேன்.

நிலவன்77

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்களில் சில நகைச்சுவைகளை இன்று பார்க்கவே முடியவில்லை. கீட்டனின் 'நெய்பர்ஸ்', 'தி பிளேஹவுஸ்' இரண்டிலும் முகத்தில் கறுப்பு பூசிக் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் இடங்கள் உள்ளன. அன்றைய மேடை வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

மருதம்

நானும் வகுப்பில் 'நெய்பர்ஸ்' போடுவதில்லை. கொடிக்கயிற்றில் வீட்டுக்கு வீடு தாவுவதும், மூன்று பேர் தோள்மேல் தோள் நின்று ஓடுவதும் பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடிக்கும், ஆனாலும் போடுவதில்லை. பெரியவர்கள் பார்க்கும்போது அந்த இடத்தை மறைக்காமல் பேசிவிட்டுப் பார்க்கலாம். யார் விழுந்தால் சிரிக்கலாம் என்ற கேள்விக்கு அந்தக் காலம் சொன்ன பதில்களில் இதுவும் ஒன்று, அது தவறான பதில்.

கடைசிபெஞ்ச்

நம் பக்கம் வசனமே இல்லாமல் எடுத்தது என்றால் 'பேசும் படம்' (1987) ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. அது இந்த வகையில் சேருமா?

எடிட்டர்_குமரன்

முழுநீளப் படம், விழுவதும் எழுவதும் குறைவு. ஆனாலும் சிங்கீதம் சீனிவாச ராவுக்கு இந்த இலக்கணம் நன்றாகத் தெரியும். கொலைகாரன் பனிக்கட்டியில் செய்த கத்தியோடு வருகிறான். கையில் எடுத்துக்கொண்டு காத்திருக்கக் காத்திருக்க ஆயுதம் உருகிப்போகிறது. ஆபத்தான ஆள், கௌரவமான முகம், கையிலிருந்து சொட்டும் தண்ணீர். கீட்டனிடம் காட்டியிருந்தால் ரசித்திருப்பார்.

மேலவீதி

எல்லோருக்கும் மிக்க நன்றி. இந்த ஒரு கேள்விக்கு இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. இரண்டு சந்தேகம். அடுத்து எதைப் பார்ப்பது? அப்புறம், இணையத்தில் ஒரே படம் வேறு வேறு நீளத்தில் கிடைக்கிறதே, எதை எடுப்பது?

ரீல்பெட்டி

நீளம் மாறுவதற்குக் காரணம் வேகம். கேமராவைக் கையால் சுற்றிய காலம். நொடிக்கு 16 பிரேம் அளவில் சுற்றுவார்கள், துரத்தல் காட்சியில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவார்கள், திரையில் அது வேகமாகத் தெரியும். ஒலியோடு படங்கள் வரத் தொடங்கிய பிறகு நொடிக்கு 24 பிரேம் என்று நிலைத்துவிட்டது. 1,000 அடி ரீல் 16 பிரேமில் ஓடினால் ஏறக்குறைய 17 நிமிடம், 24இல் ஓடினால் 11 நிமிடம். பழைய தொலைக்காட்சிப் பிரதிகள் பல இப்படி 24இல் ஓட்டப்பட்டவை. நாம் இதுவரை பேசிய நிதானம் எல்லாம் அதில் அடிபட்டுப் போகும். மேலவீதி சார் பார்த்த கீஸ்டோன் படங்கள் அந்த மாதிரிப் பிரதிகளாக இருந்தால் அலுப்புக்குப் பாதிக் காரணம் அதுவே. ஆகவே புதிதாகச் சீரமைத்த பிரதியைத் தேடுங்கள். சாப்ளினின் ஆரம்பகாலப் படங்களை இத்தாலியின் போலோனியா திரைப்படக் காப்பகமும் பாரிஸின் லோப்ஸ்டர் பிலிம்ஸும் சேர்ந்து சீரமைத்திருக்கின்றன.

அடுத்ததாக நான் சொல்வது கீட்டனின் 'தி கோட்' (1921). ரயில் தூரத்திலிருந்து நேராக நம்மை நோக்கி வந்து முகத்துக்கு முன்னால் நிற்கும். எஞ்சின் முகப்பில் கீட்டன் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அடுத்து 'காப்ஸ்' (1922). பிறகு 'ஒன் ஏ.எம்.' (1916), சாப்ளின் ஏறக்குறையத் தனி ஆளாக ஒரு மடக்குக் கட்டிலோடு போராடுவது.

வெண்மணி_ஆர்

'காப்ஸ்' கடைசியில் இருக்கட்டும். முடிவு கனமானது, அதன் பிறகு உடனே வேறு எதற்கும் சிரிப்பு வராது. 'தி கோட்' முடித்ததும் 'பிக் பிசினஸ்' பாருங்கள், அடுத்து 'கிட் ஆட்டோ ரேசஸ்' நல்ல பிரதியாக எடுத்து இன்னொரு முறை. கீஸ்டோன் பிடித்ததா இல்லையா என்று இங்கேயே வந்து எழுதுங்கள்.